இரத்தத்தில் 'உப்பு': ஆய்வுக்கூடம் அளப்பது எதை?

(உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பயிர், உரம், பூச்சி நோய் என்று பேச வேண்டிய இடத்தில் இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன், வேதியியல் படித்தவன். ஆனால் சிறுநீரக நோயாளியின் இரத்தத்தில் ஆய்வுக்கூடம் தேடுகின்ற பொருள்களில் முதலாவது, நீங்கள் மூட்டையாக வாங்கி வயலில் இடுகின்ற அதே யூரியா. அதை அளக்கும் முறையும் உங்கள் மண் மாதிரியை ஆய்வு செய்யும் முறையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே இதை உழவரிடம் விளக்குவது எளிது என்றே கருதுகின்றேன்.

"இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது" என்று ஊரில் சொல்கிறோம். சொல்வதில் தவறில்லை, ஆனால் இந்த உப்பு சாப்பாட்டு உப்பு அன்று. யூரியாவும் கிரியேட்டினினும் கூடியிருப்பதைத்தான் அவ்வாறு சொல்கிறோம். சிறுநீரகம் பழுதான பலருக்குச் சாப்பாட்டு உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கூறுவது உண்மையே. அது இரத்த அழுத்தத்துக்காகவும் வீக்கத்துக்காகவும் கூறப்படுவது. உப்பில்லாக் கஞ்சி குடித்து வந்தால் கிரியேட்டினின் இறங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு மறு பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. இந்த ஒரு சொல்லின் குழப்பம் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நட்டம் உண்டாக்கிவிடுகிறது.

நெல்லுக்குத் தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை மஞ்சளாகிறது. கண்ணால் பார்த்துவிடுகிறோம், இலை வண்ண அட்டையை வைத்து ஒப்பிட்டும் பார்க்கிறோம். சிறுநீரகத்துக்கு அப்படி ஓர் இலை கிடையாது. கல் அடைத்தால் வலிக்கும். ஆனால் நாள்பட்டுத் தேய்ந்துவரும் சிறுநீரகம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. கால் வீக்கம், வாந்தி, உடல் அரிப்பு, மூச்சு வாங்குதல் இவையெல்லாம் மிகவும் பிந்தி வருபவை. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு மற்றதைத் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிடுகின்றன. இந்த வேலையில் பாதி நின்றுபோனாலும் மனிதன் ஏர் ஓட்டுவான், களை எடுப்பான், அண்டை வெட்டுவான். அதனால்தான் எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் யூரியாவைப் பார்ப்போம். நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் புரதம் இருக்கிறது. புரதத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. உடல் புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகும். அம்மோனியா மூளைக்கு ஆகாத பொருள். எனவே கல்லீரல் அதை உடனே யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விட்டுவிடுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. 1828-இல் ஜெர்மனி நாட்டு வேதியியலார் வோலர், உடலில் உண்டாகும் இந்தப் பொருளை உடலுக்கு வெளியே, ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். இன்று தொழிற்சாலையில் செய்து மூட்டையில் வரும் யூரியாவுக்கும் உங்கள் இரத்தத்தில் ஓடும் யூரியாவுக்கும் எள்ளளவும் வேறுபாடு கிடையாது. வயலில் யூரியா இடுவதால் அது இரத்தத்தில் ஏறிவிடுமோ என்று ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். ஏறாது. இரத்தத்து யூரியா நம் உடலே செய்துகொள்வது.

இனி, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் இதை எப்படி அளக்கிறார்கள்? அதற்கு விடையை மாட்டுத் தொழுவம் சொல்லும். காலையில் தொழுவத்தின் கதவைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் காரமான நெடி வருகிறதல்லவா, அது அம்மோனியா. மாட்டின் கோமியத்தில் யூரியா இருக்கிறது. சாணத்தில் உள்ள நுண்ணுயிர்கள் 'யூரியேஸ்' என்னும் நொதியைக் கொண்டு அதை அம்மோனியாவாக உடைத்துவிடுகின்றன. வயலில் இட்ட யூரியாவும் மண்ணில் உள்ள இதே நொதியால்தான் முதலில் உடைகிறது. யூரியாவை நேரே அளப்பதை விட, உடைத்து, வரும் அம்மோனியாவை அளப்பது எளிது. 1913-இல் அமெரிக்காவில் மார்ஷல் என்பவர் சோயா மொச்சையில் உள்ள யூரியேசைக் கொண்டு யூரியாவை அளக்கும் வழியைக் காட்டினார். நம் கொள்ளிலும் இந்த நொதி உண்டு.

பிறகு வந்தவர் ஜேம்ஸ் சம்னர். இளம் வயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் இடக்கையை இழந்தவர். ஒற்றைக் கையால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய இயலாது என்று பிறர் சொன்னதைப் பொருட்படுத்தாமல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917 முதல் ஒன்பது ஆண்டுகள் ஒரே பொருளுடன் மல்லுக்கட்டினார். அந்தப் பொருள் ஓர் அவரை விதை. நம் வேலியோரம் படர்கின்ற வாளவரைக்கு, தம்பட்டங்காய் என்றும் சொல்வோமே, அதற்கு நெருங்கிய இனம். அந்த விதை மாவிலிருந்து 1926-இல் யூரியேசைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதிகள் புரதத்தால் ஆனவை என்பது அதன் மூலமாகத்தான் உலகத்துக்குத் தெளிவாயிற்று. 1946-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றும் நகரத்து ஆய்வுக்கூடத்தில் உங்கள் இரத்த யூரியாவைப் பார்க்கும் குப்பியில் இருப்பது பெரும்பாலும் இந்த யூரியேஸ்தான். உரம் ஒருபுறம், அவரை ஒருபுறம்; இரத்தப் பரிசோதனையிலும் வேளாண்மைதான்.

செய்முறை இதுதான். நரம்பில் எடுத்த இரத்தத்தை உறைய விட்டு, வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி மேலே இளமஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அதற்குச் சீரம் என்று பெயர். அதில் ஒரு துளி போதும். யூரியேஸ் சேர்த்தவுடன் யூரியா அம்மோனியாவாகிறது. அந்த அம்மோனியாவை நிறம் உண்டாக்கும் மருந்தோடு சேர்த்தால் பச்சை கலந்த நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு யூரியா. ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளி நிறத்தில் விழுங்கப்பட்டது என்று கருவி கணக்கிடும். மண் ஆய்வுக்கூடத்தில் மணிச்சத்தை அறிய நீல நிறம் உண்டாக்கிப் பார்ப்பதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். தானியங்கிக் கருவிகளில் இன்னொரு நொதியையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி கொண்டு அளக்கிறார்கள். அடிப்படை ஒன்றே.

இதில் ஒரு சிறு செய்தி. சர்க்கரை பார்ப்பதற்கான சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் ஃபுளோரைடு உப்பு இருக்கும். அது யூரியேசின் வேலையைத் தடுத்துவிடும். ஆகவே ஆய்வுக்கூடத்தார் உங்களிடம் இரண்டு மூன்று குழாய்களில் இரத்தம் எடுத்தால், "இவ்வளவு எதற்கு?" என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு காரணம் உண்டு.

அடுத்ததாக, சீட்டைப் படிப்பதில் பலரும் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். ஓர் ஆய்வுக்கூடம் 'இரத்த யூரியா' என்று எழுதும். மற்றோர் ஆய்வுக்கூடம் 'பி.யு.என்.' என்று எழுதும். பின்னதன் பொருள், இரத்த யூரியாவில் உள்ள நைட்ரஜன் என்பது. இரண்டும் ஒன்றல்ல. யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சிட்டிருப்பதை அறிவீர்கள். ஏக்கருக்கு 46 கிலோ தழைச்சத்து இடச் சொன்னால் 100 கிலோ யூரியா என்று நீங்களே கணக்குப் போடுவீர்கள். அதே கணக்கைத்தான் இங்கும் போட வேண்டும். யூரியா எடையில் 60 பங்கு என்றால் அதில் நைட்ரஜன் 28 பங்கு. எனவே பி.யு.என். எண்ணை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா எண் வரும். வழக்கமான அளவு 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு யூரியாவாகச் சொன்னால் ஏறத்தாழ 15 முதல் 40 மில்லி கிராம், பி.யு.என். ஆகச் சொன்னால் 7 முதல் 20 வரை.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சித்திரையில் பார்த்தபோது யூரியா 60. யாரோ சொன்ன வேரை அரைத்துக் குடித்துவிட்டு ஆடியில் வேறோர் ஊரில் பார்க்கிறார். சீட்டில் 30 என்று இருக்கிறது. பாதியாகக் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார். ஆனால் இரண்டாம் சீட்டில் இருந்தது பி.யு.என். எண். 30-ஐ 2.14-ஆல் பெருக்கினால் 64. நோய் குறையவில்லை, சற்றே கூடியிருக்கிறது. உர மூட்டைக் கணக்குத் தெரிந்த உழவர் இதில் ஏமாறலாகாது.

வேர் என்றவுடன் நினைவுக்கு வருகிறது. ஆடுதீண்டாப்பாளையை நீங்கள் அறிவீர்கள்; பெயரே சொல்கிறது, ஆடும் தொடாது. அந்த இனச் செடிகளில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கவல்லது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய வேண்டிச் சாப்பிட்ட மூலிகை மாத்திரையில் இந்த இனம் கலந்துபோய்ப் பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பச்சிலை என்பதற்காகவே தீங்கற்றது என்று எண்ண வேண்டாம்.

யூரியா எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தும் அது ஏறும். பகல் முழுவதும் வெயிலில் கரும்பு வெட்டிவிட்டுத் தண்ணீர் போதாமல் இருந்தால் ஏறும். காய்ச்சலில் ஏறும். முதல் நாள் கிடா வெட்டி விருந்து உண்டால் சற்று ஏறும். குடலில் இரத்தக் கசிவு இருந்தாலும் ஏறும். மாறாக, உணவில் பருப்பே இல்லாமல் வெறும் சோறும் ஊறுகாயுமாக இருப்பவருக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகும் யூரியா அடக்கமாக நிற்கலாம். எனவே யூரியாவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசைக்கு ஆற்றல் சேமித்து வைக்கும் கிரியேட்டின் என்னும் பொருள் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதைந்து கிரியேட்டினினாக இரத்தத்தில் கலக்கிறது. நாள்தோறும் ஒரே அளவு வருகிறது, வெளியே போவது சிறுநீரகம் வழியாக. வரத்து மாறாத வாய்க்காலில் நீர்மட்டம் ஏறினால் மதகு அடைத்துக்கொண்டது என்று அறிகிறோம் அல்லவா? அவ்வாறுதான் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதை அளக்கும் பழைய முறையை 1886-இல் மாக்ஸ் யாஃபே என்பவர் கண்டறிந்தார். பிக்ரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துக் கிரியேட்டினினில் விட்டால் மஞ்சள் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறும். 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த முறை இன்னும் எண்ணற்ற ஆய்வுக்கூடங்களில் நடைமுறையில் இருக்கிறது, செலவு குறைவு. ஆனால் பிக்ரிக் அமிலம் கிரியேட்டினினோடு மட்டும் சேர்ந்து நிறம் தருவதில்லை. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயில் உண்டாகும் கீட்டோன் பொருள்கள் எண்ணை உயர்த்திக் காட்டும். மஞ்சள் காமாலை இருந்தால் குறைத்துக் காட்டும். சில நோயெதிர் மருந்துகளும் குறுக்கிடும். நொதி கொண்டு அளக்கும் புதிய முறையில் இந்தக் குறுக்கீடு குறைவு, விலை அதிகம். எனவே ஓர் ஆய்வுக்கூடத்தில் 1.3 என்றும் மற்றொன்றில் 1.1 என்றும் வந்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரே ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது நலம்.

இதை விடப் பெரிய சிக்கல் தசையில்தான் இருக்கிறது. தசை அதிகமுள்ளவருக்கு இயல்பாகவே கிரியேட்டினின் கூடுதலாக இருக்கும். மெலிந்த உடலுக்குக் குறைவு. சீட்டின் ஓரத்தில் அச்சிட்டுள்ள 'வழக்கமான அளவு' எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. 25 வயது இளைஞர் ஒருவர், 65 வயது அம்மா ஒருவர், இருவருக்கும் கிரியேட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். ஆனால் வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து, 2021-இல் வெளியான வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால் இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 86 மில்லி லிட்டர் வடிகட்டுகிறது; அம்மாவுக்கு 50 மட்டுமே. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். நாற்று நட்டே மெலிந்துபோன நம் வீட்டுப் பெண்களுக்கு "1.2 தானே, கவலையில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டால் இழப்பு அவர்களுக்கே. வடிகட்டும் இந்த அளவைச் சீட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று எழுதுவார்கள். எழுதவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். வயதும் கிரியேட்டினினும் தெரிந்தால் உடனே சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் அறிய வேண்டும். கிரியேட்டினின் 0.8 இலிருந்து 1.6 ஆனால் எண் பார்வைக்குச் சிறிதுதான் ஏறியிருக்கிறது. ஆனால் வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி போய்விட்டது. 4 இலிருந்து 8 ஆனால் எண் பெரிதாக ஏறியிருக்கிறது. ஆனால் அங்கே இழப்பதற்கு மிச்சம் இருந்ததே கொஞ்சம். நம் ஊரில் 8 என்றால் அலறுகிறோம், 1.6 என்றால் சீட்டை மடித்து மாடத்தில் வைத்துவிடுகிறோம். மருத்துவத்தால் காப்பாற்ற வாய்ப்புள்ள நேரம் அந்த 1.6 தான்.

உழவருக்கு இதில் தனி அக்கறை ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுப்பதை எல்லாரும் அறிவர். இவை இரண்டும் இல்லாமலே, வெயிலில் உழைக்கும் மக்களுக்குச் சிறுநீரகம் தேய்ந்துபோவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்பு வெட்டுவோர்; இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி நெல் விவசாயிகள்; ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி மக்கள். வெப்பம், நீரிழப்பு, குடிநீர், வேளாண் நச்சுகள், வலி மாத்திரை என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இதுதான் என்று ஒன்றை முடிவாக்கவில்லை. தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளரிடையே 2023-இல் நடந்த ஆய்வில் ஒரு பாடம் கிடைத்தது. முதல் சோதனையில் குறை காட்டியவர்களில் பெரும் பகுதியினருக்கு, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது குறை காணப்படவில்லை. மிஞ்சியவர்களிலோ கணிசமானோருக்குச் சர்க்கரையும் இல்லை, அழுத்தமும் இல்லை.

இதன் பொருள் என்ன? முதல் எண்ணைக் கண்டு அஞ்சிவிடவும் கூடாது, அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. மண் மாதிரியை வரப்போரத்திலும் எருக் குவித்த இடத்திலும் எடுக்கக் கூடாது என்று உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறோம். இரத்தத்துக்கும் அதே நியாயம். அறுவடை நாள் மாலையில் வியர்வையோடு போய்க் கொடுக்கும் இரத்தம் எருக்குழி மண்ணைப் போன்றது. முந்திய நாள் ஓய்வாக இருந்து, போதிய தண்ணீர் குடித்து, இரவில் கறி தவிர்த்து, காலையில் கொடுப்பது சரியான மாதிரி. கூடியிருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குப் பின்னும் அப்படியே இருந்தால்தான் நாள்பட்டது என்று பொருள். ஒருவேளை எண் மிகவும் கூடியிருந்தாலோ, சிறுநீர் குறைந்து வாந்தி இருந்தாலோ மூன்று மாதம் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு வலிக்கு டைக்ளோபெனாக் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. நம் நாட்டில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறத்தாழ அழிந்தே போனதற்குக் காரணம் இந்த மருந்து என்று 2004-இல் தெரியவந்தது. மாட்டுக்குப் போட்ட மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதர் பறவையைப் போல ஒரு வேளையில் சாவதில்லை. மருத்துவர் சொன்னபடி சில நாள் உண்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கும் இல்லை. ஆனால் தண்ணீர் வற்றிய உடலில், வெயில் வேலைக்கிடையே, மாதக்கணக்கில் கடையில் தானே வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்குப் பகை. பரிசோதனைக்குப் போகும்போது இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யூரியா, கிரியேட்டினின் தவிர வேறு நச்சுகள் இல்லையா என்று கேட்கலாம். ஏராளம் இருக்கின்றன. உண்மையில் யூரியா அப்படியொன்றும் கொடிய நஞ்சன்று. மற்றவை தேங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டும் அடையாளம் என்பதே பொருந்தும். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் தேங்கும் பொருள்கள் 90 என்று 2003-இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு பட்டியலிட்டது. பின்னர் பட்டியல் நீண்டது. அவற்றுள் ஒன்று உங்களுக்கு வேண்டியது. அவுரிச் செடியிலிருந்து நீலச் சாயம் எடுப்பார்கள் அல்லவா? இலையில் நிறமற்றுக் கிடக்கும் இன்டாக்சில் என்னும் பொருள் காற்றுப் பட்டு நீலமாகிறது. அதே இன்டாக்சில் நம் உடலிலும் உண்டாகிறது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புரதத்தின் ஒரு பகுதியை இன்டோல் என்ற பொருளாக மாற்ற, கல்லீரல் அதை இன்டாக்சில் சல்பேட்டாக ஆக்குகிறது. சிறுநீரகம் நலமாக இருந்தால் அது வெளியேறிவிடும். இல்லையேல் தேங்கி இரத்தக் குழாய்களுக்கும் சிறுநீரகத்துக்கும் மேலும் கேடு செய்கிறது.

இவற்றை நிறம் பார்த்து அளக்க இயலாது. அளவு மிகக் குறைவு, இரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டும் இருக்கும். முதலில் புரதத்தைப் பிரித்து நீக்கிவிட்டு, தெளிந்த நீரை நுண்துகள் அடைத்த மெல்லிய குழாய் வழியே மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பொருளும் அதனதன் வேகத்தில் ஊர்ந்து ஒன்றன் பின் ஒன்றாக வெளிவரும். குரோமட்டோகிராபி என்று இதற்குப் பெயர். காய்கறியில் பூச்சி மருந்தின் எச்சம் எவ்வளவு என்று கண்டறியவும் இதே கருவி பயன்படுகிறது. வெளிவரும் பொருளின் எடையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைமானியையும் அதனுடன் இணைத்தால் இன்னும் துல்லியம்.

இந்தச் சோதனை உங்களுக்குத் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. ஆராய்ச்சிக்குத்தான் பயன்படுகிறது; மருத்துவர் எடுக்கும் முடிவு யூரியா, கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம் இவற்றைக் கொண்டே அமைகிறது. 'இரத்த நச்சு முழுப் பரிசோதனை' என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் ஒரு பயன் உண்டு. இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்களுக்கு யூரியா எளிதில் வெளியேறிவிடும். சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் யூரியாவை அளந்து, குறைந்தது 65 சதவீதமாவது இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். புரதத்தோடு ஒட்டிய இன்டாக்சில் சல்பேட் போன்றவை அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. யூரியா நன்றாக இறங்கியும் சிலர் களைப்பாகவும் அரிப்போடும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வீட்டார் அவர்களைச் சோம்பல் என்று ஏச வேண்டாம்.

கடைசியாகச் சிறுநீர்ப் பரிசோதனை. இரத்தத்தில் எண் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவையும் ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் வெயில் உழைப்பால் தேயும் சிறுநீரகத்தில் இது பெரும்பாலும் கசிவதில்லை, அல்லது சிறிதே கசியும். ஆகவே உழவர்கள் சிறுநீரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையலாகாது. இரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைகளுக்குக் கட்டணம் இல்லை.

நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் இருப்பவர்கள், வலி மாத்திரை வழக்கமாகப் போடுபவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, வேலை ஓய்ந்த பருவத்தில், பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் யூரியாவா பி.யு.என். எண்ணா என்பதையும், முந்திய நாள் என்ன வேலை செய்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் பின்புறத்தில் எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். உங்களில் யாரிடமாவது இப்போது சீட்டு இருந்தால் கூட்டம் முடிந்ததும் கொண்டு வாருங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.